யாரையும் தெரியாமல் வேலை தேடுவது எப்படி? தொடர்புகளுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு?

செஞ்சிக்கோட்டை | ஞாயிறு இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பிரிவு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான்தான். அப்பா மல்லாட்டை (வேர்க்கடலை) போடுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார்.

கேம்பஸுக்கு வரும் கம்பெனிகள் குறைவு. வருகிறவர்களும் பெரும்பாலும் விற்பனைக்கும் கால் சென்டருக்கும்தான் ஆள் எடுக்கிறார்கள். எனக்கு எம்பெடட் (வண்டி, கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினிகள்) பக்கம் போக ஆசை. சீனியர் அண்ணன் ஒருவரிடம் வழி கேட்டேன். "நெட்வொர்க் பண்ணுடா, அதான் முக்கியம்" என்றார். எப்படி என்றால் லிங்க்டுஇன் என்கிறார். கணக்கு இருக்கிறது, அதில் இருப்பதெல்லாம் என் வகுப்புப் பையன்கள். வெளியாட்களுக்கு "ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள் சார்" என்று அனுப்பினால் பதில் வருவதில்லை.

முன்பின் தெரியாதவரிடம் போய் வேலை கேட்பது கை நீட்டுவது மாதிரி இருக்கிறது. அந்த நேரத்தில் மைக்ரோகண்ட்ரோலர் போர்டை வைத்து இன்னொரு பிராஜெக்ட் செய்வது மேல் இல்லையா? வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

நேர்கோடு | ஞாயிறு இரவு 9:40

தம்பி, போர்டைப் பிடியுங்கள். கையில் சரக்கு இருந்தால் வேலை வரும். நான் யாரையும் பிடிக்காமல்தான் ஆன்லைன் டெஸ்ட் எழுதி உள்ளே வந்தேன். லிங்க்டுஇன்னில் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ஓஎம்ஆர்_தேன்மொழி | ஞாயிறு இரவு 11:02

தம்பி, நேர்கோடு சொல்வதில் முதல் வரி முழுக்கச் சரி. போர்டை விடாதீர்கள். அதற்கு மேல் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ஆட்டோமோட்டிவ் எம்பெடட் டெஸ்டிங்கில் டீம் லீடாக இருக்கிறேன், ஆள் எடுக்கும் வேலையும் என் தலையில்தான் விழுகிறது. அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

டீமில் ஒருவர் பேப்பர் போட்டால் (ராஜினாமா செய்தால்) மேனேஜர் முதலில் கேட்பது, "உங்களுக்குத் தெரிந்து யாராவது இருக்காங்களா?" என்பதுதான். விளம்பரம் அதற்குப் பிறகு. அப்ரூவல் வாங்கி, வேலை விவரம் எழுதி, நௌக்ரி வேலைத் தளத்தில் ஏற்றுவதற்குள் வாரங்கள் ஓடிவிடும். ஏற்றிய மறுநாளே ரெஸ்யூமே குவியும். அவற்றை முதலில் வடிகட்டுபவர் எச்.ஆரில் இருப்பவர். கேன் பஸ்ஸுக்கும் (வண்டிக்குள் இருக்கும் சிறு கணினிகள் பேசிக்கொள்ளும் இணைப்பு) யூஆர்ட்டுக்கும் (இன்னொரு வகை எளிய இணைப்பு) என்ன வித்தியாசம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. கல்லூரிப் பெயர், மதிப்பெண், சில சொற்கள், இவற்றைப் பார்த்துத் தள்ளிவிடுவார். நீங்கள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த பிராஜெக்ட் அந்தக் கட்டத்தில் யார் கண்ணிலும் படாது.

ரெஃபரல் வந்தால் என்ன ஆகிறது? ஊழியர் ஒருவர் தன் எம்ப்ளாயி ஐடியோடு உங்கள் ரெஸ்யூமேயை உள் போர்ட்டலில் ஏற்றுகிறார். அது தனி வரிசையில் வந்து நிற்கும். விஷயம் தெரிந்த ஒருவர் அதைத் திறந்து பார்ப்பார். அவ்வளவுதான் அதன் பலம். இன்டர்வியூ டேபிளில் ஆசிலோஸ்கோப் படத்தைக் காட்டி நான் கேள்வி கேட்கும்போது, யார் ரெஃபர் செய்தார் என்பது எந்த விதத்திலும் உதவாது. இன்னொன்று: பல கம்பெனிகளில் புதிதாகச் சேர்ந்தவர் சில மாதம் நிலைத்துவிட்டால் ரெஃபர் செய்தவருக்கு போனஸ் உண்டு. நல்ல ஆள் கிடைத்தால் அவருக்கும் லாபம், டீமுக்கும் நிம்மதி. கை நீட்டுவதாக நீங்கள் நினைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் தன் பெயரைப் பணயம் வைக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் எப்படி வைப்பார்? "ஓப்பனிங் இருந்தால் சொல்லுங்கள் சார்" என்பதில் அவர் பதில் எழுதுவதற்குப் பிடிமானமே இல்லை. "இல்லை தம்பி" என்று சொல்லச் சங்கடப்பட்டு அப்படியே விட்டுவிடுவார்.

போன வருடம் எனக்கு ஒரு மாணவியிடமிருந்து வந்த செய்தி இப்படி இருந்தது (சுருக்கித் தருகிறேன்):

"மேடம், கேன் பஸ் டெஸ்டிங் பற்றி நீங்கள் எழுதிய பதிவைப் படித்தேன். எஸ்டிஎம்32 மைக்ரோகண்ட்ரோலர் போர்டு இரண்டை இணைத்து முயன்றேன். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் போட்ட பிறகுதான் ஃப்ரேம் ஒழுங்காக வந்தது. மேசை மேல் வயர் குட்டை. நிஜ வண்டியில் மெயின் லைனிலிருந்து கிளை வயர் எவ்வளவு நீளம் வரை விடுவீர்கள்? நேரமிருந்தால் ஒரு வரி போதும்."

இதற்கு யாரால் பதில் போடாமல் இருக்க முடியும்? வேகம் ஒரு மெகாபிட் என்றால் கிளை 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், வேகம் குறைந்தால் கொஞ்சம் தாராளம் உண்டு என்று எழுதினேன். அப்புறம் அந்தப் பெண், தான் என்ன செய்து பார்த்தார் என்பதை இரண்டு முறை எழுதினார். வேலை என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை. இன்டர்ன் வேண்டும் என்று மேனேஜர் சொன்னபோது எனக்கு ஞாபகம் வந்த முதல் முகம் அவருடையதுதான்.

கரும்பலகை | திங்கள் காலை 6:25

தேன்மொழி அம்மா உள்ளிருந்து சொன்னதை வெளியிலிருந்து ஆராய்ந்தவர்களும் உண்டு. கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறிய தொழில்நுட்ப, நிர்வாக ஊழியர்களைச் சந்தித்து ஒரு கேள்வி கேட்டார்: இந்த வேலை இருக்கிறது என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? பாதிக்கு மேற்பட்டவர்கள் தெரிந்தவர் மூலமாக என்றார்கள். அதில் வியப்பில்லை. அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டதில்தான் விஷயம் வெளிப்பட்டது. அடிக்கடி பார்ப்பவர் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது என்றவர்கள் சுமார் 56. அரிதாக என்றவர்கள் சுமார் 28. பழைய ஆபீஸ் ஆள், எப்போதோ கூடப் படித்தவர், ஒரு கூட்டத்தில் பார்த்தவர், இப்படிப்பட்டவர்கள் சொன்ன செய்திதான் வேலையாக மாறியிருக்கிறது. 1973-இல் வந்த அவருடைய கட்டுரை இன்றுவரை சமூகவியலில் மிக அதிகமாக எடுத்தாளப்படும் கட்டுரைகளில் ஒன்று.

காரணம் எளிது. நீங்களும் உங்கள் நெருங்கிய நண்பரும் ஒரே ஹாஸ்டல், ஒரே வாட்ஸப் குழு. அவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்களுக்குத் தெரியாத செய்தி வேறு வட்டத்தில்தான் இருக்கும். அந்த வட்டத்துக்குப் போய்வருகிறவர் உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்தவராகத்தான் இருப்பார். செஞ்சிக்கோட்டை தம்பியின் லிங்க்டுஇன்னில் வகுப்புப் பையன்கள் மட்டும் இருந்து பயன் இல்லாமல் போனதற்கு அதுதான் காரணம்.

இதையே 2022-இல் லிங்க்டுஇன் தரவை வைத்துப் பெரிய அளவில் சோதித்து 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். 'உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்' என்று அந்தத் தளம் ஆட்களைக் காட்டும் முறையைச் சிலருக்கு மட்டும் மாற்றி, ஐந்து ஆண்டுகளில் 2 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். மேலோட்டமான தொடர்புகள் வேலை மாற உதவுகின்றன என்பது உறுதியானது. கூடவே இரண்டு திருத்தங்களும் வந்தன. சம்பந்தமே இல்லாத அந்நியரும் அவ்வளவாக உதவுவதில்லை, நடுத்தரப் பழக்கம்தான் உச்சம். கணினி சார்ந்த துறைகளில் இந்த மேலோட்டத் தொடர்பு நன்றாக வேலை செய்கிறது, மற்ற துறைகளில் நெருங்கிய உறவின் கைதான் ஓங்கியிருக்கிறது.

ஆகவே தம்பி, ஆயிரம் பேருக்கு ரிக்வெஸ்ட் தட்டுவதில் பிரயோசனம் குறைவு. உங்கள் கல்லூரியில் ஐந்தாறு வருடம் முன்பு படித்து முடித்தவர்கள், உங்கள் துறைத் தலைவருக்குத் தெரிந்தவர்கள், இன்டர்ன்ஷிப்பில் சந்தித்தவர்கள், இவர்கள்தான் அந்த நடுத்தர தூரத்தில் இருப்பவர்கள்.

தெற்குத்தெரு | திங்கள் காலை 8:50

எல்லாரும் நல்ல மனதோடு எழுதுகிறீர்கள். ஆனால் "தெரிந்தவர் யாராவது இருக்காங்களா?" என்ற அந்த முதல் கேள்வியிலேயே பலர் வெளியே போய்விடுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் நான் பள்ளி முடித்தபோது அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் என்றால் செங்கல் சூளை மேஸ்திரி, லாரி கிளீனர், ஊராட்சி அலுவலகத்தில் ஒருவர். கூடப் படித்த இன்னொருவனின் மாமா சென்னையில் ஆடிட்டர், சித்தப்பா வங்கி மேலாளர். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் எந்தப் படிப்பு படிக்கலாம், எங்கே விண்ணப்பிக்கலாம், இன்டர்வியூவுக்கு எப்படிப் போகலாம் என்பதெல்லாம் அவனுக்குச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கிடைத்தது. எனக்கு அதெல்லாம் வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

நம் நாட்டில் தொடர்பு என்பது பெரும்பாலும் சாதி வழியாகத்தான் ஓடுகிறது. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. பத்திரிகையில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைந்தது, முஸ்லிம் பெயர்களுக்கு இன்னும் குறைந்தது. அறிமுகமில்லாத நிலையிலேயே இப்படி என்றால், அறிமுகத்தை மட்டும் வைத்து ஆள் எடுத்தால் என்ன ஆகும்?

அதனால் தேன்மொழி மேடத்திடம் ஒரு வேண்டுகோள். டீமில் ஆள் தேவை என்றால் தெரிந்தவரைக் கேளுங்கள், தவறில்லை. அதே நாளில் அந்தச் செய்தியை வெளியிலும் போடுங்கள். எங்கள் மாதிரி பிள்ளைகளுக்குச் சிபாரிசுகூட வேண்டாம், வேலை இருக்கிறது என்ற செய்தி நேரத்துக்கு வந்தால் போதும்.

ஓஎம்ஆர்_தேன்மொழி | திங்கள் காலை 9:15

நியாயமான வேண்டுகோள் சார். எங்கள் டீமில் இன்டர்ன் எடுக்கும்போது இந்த முறை முதல் நாளே வெளியில் போடச் சொல்கிறேன். நானும் இங்கேயே பகிர்கிறேன்.

கரும்பலகை | திங்கள் மதியம் 1:10

தெற்குத்தெரு தோழருக்கு: நீங்கள் சொன்னதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. கைவன் முன்ஷியும் மார்க் ரோசன்வெய்கும் மும்பை தாதர் பகுதிப் பள்ளிகளில் செய்தது, 2006-இல் வெளியானது. ஆலை, துறைமுக வேலைகளுக்குப் பையன்களை அழைத்துப்போகும் சாதித் தொடர்பு பலமாக இருந்த குடும்பங்கள், பையன்களை மராத்தி வழியிலேயே படிக்க வைத்தன. அந்த வேலைக்கு ஆங்கிலம் தேவையில்லை, வேலைக்கும் உத்தரவாதம் இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு தொடர்பு கிடையாது. 1990-களில் பொருளாதாரம் திறந்தபோது அந்த வீட்டுப் பெண்கள்தான் வேகமாக ஆங்கில வழிக்கு மாறினார்கள், பையன்கள் பழைய தடத்திலேயே நின்றார்கள். பலமான சொந்தபந்த வட்டம் ஆளைத் தாங்கவும் செய்கிறது, அங்கேயே கட்டிப் போடவும் செய்கிறது. வெளி வட்டத்தில் ஆள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வார்ப்படம் | திங்கள் இரவு 10:20

கோயமுத்தூருங்க. ஐ.டி. ஆட்கள் மட்டுமே பேசிக்கொண்டிருப்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். ஃபவுண்டரியில் (இரும்பு வார்க்கும் ஆலை) குவாலிட்டி பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ.

வேலை கிடைப்பதற்கு மட்டும்தான் தொடர்பு என்று பேசுகிறீர்கள். கிடைத்த வேலையைச் செய்வதற்கே அது வேண்டும். எங்களிடம் டக்டைல் அயர்ன் காஸ்டிங்கில் திடீரென்று பின்ஹோல் வர ஆரம்பித்தது. மெஷினிங் செய்த பிறகுதான் தெரியும், தோலுக்கு அடியில் குண்டூசி முனை மாதிரி வரிசையாக ஓட்டை. கஸ்டமர் லாட்டையே திருப்பி அனுப்பிவிட்டார். மண்ணில் ஈரம் பார்த்தோம், ஊற்றும் சூடு பார்த்தோம், கோர் பைண்டர் மாற்றினோம். ஒன்றும் நடக்கவில்லை. முதலாளி முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்திய ஃபவுண்டரியாளர் சங்கத்தின் கோவைக் கிளைக் கூட்டத்தில் எப்போதோ பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்த ஒரு அண்ணனின் நம்பர் இருந்தது. அவர் வேறு ஃபவுண்டரி, ஒரு விதத்தில் போட்டிக் கம்பெனி. கூப்பிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, மண்ணை விடுங்க. ஸ்கிராப்பு யார்கிட்ட வாங்கறீங்க? இனாகுலன்ட் மாத்துனீங்களா? அதுல அலுமினியம் எவ்வளவு?" என்றார். இனாகுலன்ட் என்பது உருகிய இரும்பில் கடைசியில் சேர்க்கும் கலவை. உருகிய இரும்பில் அலுமினியம் துளி கலந்தாலும் போதும், ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரஜனை உள்ளே இழுத்துவிடும், அது உறையும்போது ஓட்டையாக நிற்கும். ஸ்பெக்ட்ரோவில் (உலோகத்தில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கருவி) பார்த்தால் அலுமினியம் ஏறித்தான் இருந்தது. விலை குறைவு என்று பர்ச்சேஸில் இனாகுலன்ட் சப்ளையரை மாற்றியிருக்கிறார்கள், எங்களுக்குச் சொல்லவில்லை. பழைய சரக்குக்குத் திரும்பியதும் ஓட்டை நின்றுவிட்டது.

புத்தகத்தில் இது இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பத்துக் காரணத்தோடு பதினொன்றாவதாக இருக்கும். எந்தக் காரணத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது சூடு பட்டவருக்குத்தான் தெரியும்.

அந்த அண்ணன் ஏன் சொன்னார் என்று யோசித்தால், அவருக்கும் நாளைக்கு ஒரு சிக்கல் வரும். பேட்டர்ன் செய்கிற ஆள் வேண்டும், அவசரமாக ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய இடம் வேண்டும் என்று அவர் கூப்பிடும்போது நானும் ஓடியிருக்கிறேன். எங்கள் ஊர்த் தொழில் முழுக்க இப்படித்தான் ஓடுகிறது. ஒருத்தர் லேத் போட்டிருப்பார், ஒருத்தர் கோர் அடிப்பார், ஒருத்தர் மோட்டார் சுற்றுவார். யார் எதில் கெட்டி என்று தெரிந்தவர்தான் பம்ப்செட்டை நேரத்துக்கு டெலிவரி கொடுப்பார். கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் கண்காட்சிக்கு வேலை தேடாத ஆட்களும் போய் ஸ்டால் ஸ்டாலாக நின்று பேசுவதைப் பார்க்கலாம்.

செஞ்சிக்கோட்டை | செவ்வாய் மாலை 5:35

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு ரொம்ப நன்றி. தேன்மொழி அக்கா, அந்த 120 ஓம் விஷயத்தை இன்றைக்கே லேபில் பார்த்தேன். வார்ப்படம் அண்ணா எழுதியதை என் அறைத் தோழன் (மெக்கானிக்கல்) படம் எடுத்து வைத்துக்கொண்டான்.

எனக்கு இரண்டு தயக்கம். ஒன்று, ஆங்கிலம் எழுதினால் ஓரளவு வரும், பேச வராது. கூட்டம், மீட்டப் என்றால் எல்லாரும் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று பயம். இரண்டு, எல்லாமே சென்னையில் நடக்கிறது. போய்வரச் செலவு ஆகும்.

பென்குயின்_காஞ்சி | செவ்வாய் இரவு 8:05

இந்தக் கேள்விக்காகத்தான் கணக்கே தொடங்கினேன். தம்பி, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இணையத்தில் கூடுவார்கள். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது, பதிவு கிடையாது, கல்லூரிப் பெயர் கேட்க மாட்டார்கள். சென்னையில் ஐ.எல்.யு.ஜி.சி. என்ற லினக்ஸ் குழு 1990-களின் இறுதியிலிருந்தே உண்டு. சென்னை பைத்தான் பயனர் குழுவும் மாதந்தோறும் கூடுகிறது.

முதல் தடவை சும்மா கேளுங்கள். மைக்கை அணைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் தப்பே இல்லை. இரண்டு மூன்று வாரம் போனால் யார் எதில் விஷயம் உள்ளவர் என்று பிடிபட்டுவிடும். அப்புறம் ஒரு கேள்வி. அப்புறம் நீங்கள் செய்ததைப் பத்து நிமிடம் காட்டுங்கள். எம்பெடட் செய்கிறீர்கள் அல்லவா, லினக்ஸில் சாக்கெட்கேன் என்ற வசதி இருக்கிறது. லேப்டாப்பிலேயே மெய்நிகர் கேன் இணைப்பு உருவாக்கிச் சோதிக்கலாம், போர்டு வாங்கக்கூடக் காசு வேண்டாம். அதைப் பற்றித் தமிழில் பேசுங்கள். கேட்பதற்கு ஆள் இருக்கும்.

நான் பார்த்தவரை, இந்தக் குழுக்களில் பெயர் எடுத்தவர்கள் பெரிய பேச்சாளர்கள் இல்லை. புதிதாக வந்தவருக்கு இன்ஸ்டால் ஆகவில்லை என்றால் இரவு பதினொரு மணிக்கும் உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தவர்கள். ஆவணத்தில் பிழை திருத்தியவர்கள், தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதியவர்கள். செய்த வேலை இணையத்தில் தேதியோடு இருக்கிறது. ரெஸ்யூமேயில் "டீம் பிளேயர்" என்று எழுதுவதை யாரும் நம்புவதில்லை. இதை நம்புகிறார்கள்.

தெற்குத்தெரு கேட்டாரே, வெளியில் போடுங்கள் என்று. இப்படிப்பட்ட திறந்த குழுக்கள்தான் அதற்குச் சரியான இடம் என்று நினைக்கிறேன். யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்காத அறைகள் நம்மிடம் ரொம்பக் குறைவு. இருக்கிறவற்றையாவது பிள்ளைகள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மறுபடி_வேலைக்கு | செவ்வாய் இரவு 11:30

குழந்தை தூங்கியதும் மொத்தத்தையும் படித்தேன். பெண்கள் தரப்பில் இரண்டு வார்த்தை.

வேலையில் தொடர்பு வளர்வது பெரும்பாலும் மீட்டிங்கில் இல்லை, அது முடிந்த பிறகு டீக்கடையில். ஆறரைக்கு மேல் எல்லாரும் கீழே நிற்கும்போது நான் மாமியாருக்கு போன் போட்டபடி கேபுக்கு ஓடுவேன். அடுத்த பிராஜெக்ட் எது, யார் வேறு டீமுக்குப் போகிறார் என்பதெல்லாம் அங்கேதான் பேசப்படும். மறுநாள் எனக்குத் தெரியும்போது இடம் நிரம்பியிருக்கும். இதை மேனேஜர்கள் படித்தால், அந்தப் பேச்சில் பாதியையாவது பகல் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பிரசவத்துக்காக வேலையை விட்டு, திரும்ப வரலாம் என்று நினைத்தபோது ரெஸ்யூமேயில் இருந்த இடைவெளியைப் பார்த்து ஒரு இடத்திலும் கூப்பிடவில்லை. என்னைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தவர் பழைய கம்பெனியில் வேறு மாடியில் வேலை பார்த்த ஒரு அக்கா. நெருக்கம் எல்லாம் கிடையாது. இடையில் பொங்கலுக்கு ஒரு வாழ்த்து, அவருடைய மகள் பிளஸ் டூ முடித்தபோது கல்லூரி பற்றி ஒரு போன், அவ்வளவுதான். "இவள் டெஸ்ட் கேஸ் எழுதினால் ஓட்டை இருக்காது" என்று அவர் சொன்ன ஒரு வாக்கியம், அந்த இடைவெளியை யாரும் பெரிதாக எடுக்காமல் செய்தது. வேலையை விடும் தங்கைகள் பழைய ஆட்களின் நம்பரை மட்டும் விட்டுவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை பேசினால் போதும்.

அப்புறம், தெரியாத ஆண்களுக்குச் செய்தி அனுப்புவதில் பெண் பிள்ளைகளுக்கு வேறு சிக்கல் இருக்கிறது. வேலை பற்றிக் கேட்டால் போட்டோ கேட்கிறவர்கள், ராத்திரி கூப்பிடுகிறவர்கள் உண்டு. பொதுவில் கேளுங்கள், குழுவில் கேளுங்கள், முடிந்தவரை பெண் சீனியர்களிடமிருந்து தொடங்குங்கள். ஆண், பெண் யாராக இருந்தாலும், ரெஃபரலுக்கோ ஆஃபர் லெட்டருக்கோ டெபாசிட் என்று பணம் கேட்டால் அது மோசடிதான். ஒரு ரூபாயும் கட்டாதீர்கள். கட்டிவிட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டுப் புகார் கொடுங்கள்.

நேர்கோடு | புதன் காலை 7:45

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு விஷயத்தில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். கேட் (பொறியியல் பட்டதாரிகளுக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் பார்த்து எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள், டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, இங்கெல்லாம் யாரைத் தெரியும் என்பதற்கு இடமில்லை. தொடர்பு இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் நேரான வழி. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம்.

தெற்குத்தெரு | புதன் காலை 8:30

குறைத்துப் பேசவில்லை தோழர், அந்த வழியில்தான் நான் வந்தேன். ஆனால் அங்கேயும் தனியாகப் படிக்கவில்லை. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதி இருக்கிறது. அங்கே பக்கத்து மேசையில் உட்கார்ந்தவர்கள்தான் எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம், எதை விடலாம், கட் ஆஃப் எவ்வளவு வரும் என்பதெல்லாம் சொன்னவர்கள். பரீட்சை எழுதியது நான்தான். எப்படித் தயாராக வேண்டும் என்று சொன்னது அந்த மேசை. இப்போது என் தெருப் பிள்ளைகள் நான்கைந்து பேருக்கு அந்த மேசையாக நான் இருக்கிறேன்.

செஞ்சிக்கோட்டை | புதன் இரவு 9:50

எங்கள் கல்லூரியில் ஆறு வருடம் முன்பு முடித்த ஒரு அண்ணன் ஓசூரில் மின்சார வண்டி சார்ந்த கம்பெனியில் இருப்பதாக எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) மேடம் சொன்னார். அவருக்கு இப்படி எழுதியிருக்கிறேன். அனுப்பலாமா?

"மதிப்பிற்குரிய அண்ணா, வணக்கம். தாங்கள் நலமா? நான் தங்கள் கல்லூரியில் தற்போது இ.சி.இ. மூன்றாம் ஆண்டு பயிலும் மாணவன். ஏழ்மையான விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எம்பெடட் துறையில் மிகுந்த ஆர்வம் உள்ளவன். தாங்கள் எனக்கு வழிகாட்டி, வாய்ப்பு இருந்தால் உதவி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

ஓஎம்ஆர்_தேன்மொழி | புதன் இரவு 10:40

தம்பி, ஏழ்மை வரியை எடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அதைப் படிப்பவர் உங்கள் வேலையைப் பார்ப்பதற்கு முன் உங்கள் மேல் பரிதாபப்பட ஆரம்பித்துவிடுவார். எச்.ஓ.டி. பெயரை முதல் வரியிலேயே போடுங்கள். அவரால்தான் நீங்கள் முழு அந்நியர் இல்லை என்று ஆகிறது. "வழிகாட்டுங்கள்" என்றால் எதை என்று அவருக்குத் தெரியாது. இப்படிப் பாருங்கள்:

"வணக்கம் அண்ணா. எச்.ஓ.டி. மேடம் உங்களைப் பற்றிச் சொன்னார். நான் இங்கே இ.சி.இ. மூன்றாம் ஆண்டு. எஸ்டிஎம்32 போர்டில் பேட்டரி வோல்டேஜ், வெப்பநிலை இரண்டையும் படித்து கேன் வழியாக அனுப்பும் சிறிய பிராஜெக்ட் செய்திருக்கிறேன், புரோகிராம் இணைப்பில் இருக்கிறது. கல்லூரியில் சொல்லித்தராத எதை இந்த ஆறு மாதத்தில் படித்தால் உங்கள் துறையில் பயன்படும்? சனி, ஞாயிறில் பத்து நிமிடம் போனில் பேச முடிந்தால் மகிழ்ச்சி."

பிராஜெக்ட் வரியில் நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள். போனில் அதைத்தான் முதலில் தோண்டுவார்.

வார்ப்படம் | புதன் இரவு 10:55

பேசி முடித்த அன்றைக்கே நன்றி சொல்லி ஒரு மெசேஜ் போட்டுடுங்க தம்பி. அவர் சொன்னதில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டு, பத்துப் பதினைந்து நாள் கழித்து என்ன ஆச்சு என்றும் எழுதுங்க. அதைச் செய்கிற பையன்கள் ரொம்பக் கம்மி.

செஞ்சிக்கோட்டை | வியாழன் காலை 7:20

புரோகிராமை கிட்ஹப் தளத்தில் ஏற்றிவிட்டு அனுப்பிவிட்டேன் அக்கா. வெப்பநிலை சென்சார் பகுதி இன்னும் முடியவில்லை, அதனால் வோல்டேஜ் மட்டும் எழுதினேன். பதில் வராவிட்டால் திரும்பக் கேட்கலாமா?

ஓஎம்ஆர்_தேன்மொழி | வியாழன் காலை 9:05

ஒரு வாரம், பத்து நாள் விட்டு ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள், அவருக்கு அங்கே என்ன நெருக்கடியோ. அதுவரை சும்மா இருக்காமல் எச்.ஓ.டி. மேடத்திடம் இன்னும் மூன்று நான்கு பேர் பெயர் கேட்டு வாங்குங்கள். சென்சார் பகுதி எங்கே நிற்கிறது என்று இங்கே போடுங்கள், பார்க்கலாம்.